உடன் வாழும் உயிர்களுக்கு நாம் பட்ட கடன்



புதுவை மணக்குள விநாயகர் கோயில் வாயிலில் பல்லாண்டுகள் நின்ற இலட்சுமி என்னும் யானையை நம் வட்டாரத்தில் அறியாதார் இலர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் காலை, வழக்கமான நடைப்பயிற்சியின்போது அவ்யானை வழியிலேயே சரிந்து உயிர் நீத்தது. செய்தி பரவியதும் மக்கள் திரண்டனர். மாலையுடன் வந்தோர் பலர். வாய்விட்டு அழுதோர் பலர். "ஓர் யானைக்காக ஏன் பாட்டி இத்தனை பேர் அழுகிறார்கள்?" என்று என் பேரன் வினவினான். பயிற்சி பெற்ற ஆசிரியையாகப் பல்லாண்டுகள் பணியாற்றிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. அதனை எண்ணிப் பார்த்ததன் பயனே இப்பாடம்.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணை

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், ஒன்றற்கொன்று உதவுதலே உயிர்களின் உபகாரம் என்று காட்டுகிறார். மனிதர் என்று அவர் பிரித்துக் கூறவில்லை. ஜீவன்கள் என்றே கூறுகிறார். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் வளர்ந்த முதியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஏரிப் பாசன வயல்களை எருதுகள் உழுதன; சாணம் எருவாயிற்று; பசுவின் பால் நம் குழந்தைகளை வளர்த்தது; களத்து நெல்லை நாய் காத்தது. இன்று உழவு இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டில், தனித்திருக்கும் மூதாட்டியின் காலடி ஓசை கேட்டுக் குரல் கொடுக்கும் பசுவின் துணைக்கு எந்த இயந்திரம் ஈடாகும்?

நாய் காட்டிய நன்றி

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அந்தணர் சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு சாகும் நிலையில் கிடந்தது ஒரு நாய். சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, உடனே திரும்பி வந்து சீவகனை வணங்கியது. பின்னர்க் கட்டியங்காரனால் சீவகனுக்கு உயிரிடர் நேர்ந்தபோது, அத்தேவனே வந்து அவனை மீட்டுத் தன் இருப்பிடத்திற்குக் கொண்டு சென்றான். சில நொடி நேர உதவிக்கு அந்த உயிர் காட்டிய நன்றி இது. வாழ்நாள் முழுதும் உதவி பெறும் நாம் காட்டும் நன்றி எத்தகையது?

என் பிழை

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைக் கூறியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் செவலைப் பசு ஒன்று இருந்தது. நான் பள்ளியிலிருந்து திரும்பித் தெருமுனையை அடையும்போதே அது குரல் கொடுக்கும். எட்டு ஈற்றுக்குப் பின் அதன் கறவை வற்றியது. தரகரிடம் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. எங்குச் செல்லும் என்பதை அறிந்தும் நான் வாய் திறக்கவில்லை. வழக்கப்படி தரகர் தம் கயிற்றைக் கட்டி, பழைய கயிற்றை எங்களிடம் தந்துவிட்டு அதனை ஓட்டிச் சென்றார். தெருமுனையில் அது ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது. அந்தக் கயிறு நெடுநாள் கொட்டகை ஆணியில் தொங்கியது. அதற்குப்பின் வந்த பசுவை அது தானே இறக்கும் வரை வைத்திருந்தோம். தீவனச் செலவு பாரமாகவே இருந்தது. ஆயினும் அதனைச் செலவென்று நான் எண்ணவில்லை. கடன் தீர்த்தல் என்றே எண்ணினேன்.

ஐந்து அதிசாரங்கள்

நன்றியை எவ்வாறு செயலாக்குவது? அஹிம்சாணுவிரதத்திற்கு நம் முன்னோர் வகுத்த ஐந்து அதிசாரங்களே இதற்கு வழிகாட்டி.

1. பந்தம்: படுத்தெழவும், தீப்பற்றினால் தப்பவும் இயலாதபடி கட்டுதல்.
2. வதம்: கோலாலும் தார்க்குச்சியாலும் அடித்துக் குத்தி வருத்துதல்.
3. சேதம்: அழகுக்காக நாயின் காதையும் வாலையும் வெட்டுதல் போன்ற உறுப்புச் சிதைவு.
4. அதிபாரம் ஏற்றுதல்: தாங்கும் அளவுக்கு மேல் வண்டியில் சுமை ஏற்றுதல்.
5. அன்னபான நிரோதம்: உரிய வேளையில் உணவும் நீரும் கொடாதிருத்தல், கன்றுக்கு விடாமல் பாலை முற்றும் கறத்தலும் இதில் அடங்கும்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அடித்தல், மிகுசுமை ஏற்றுதல், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டுதல், உறுப்பைச் சிதைத்தல், உணவும் நீரும் அளியாமை ஆகியவற்றைக் குற்றமென விதிக்கிறது. சட்டத்திற்கு அஞ்சிச் செய்யாதிருப்பது ஒன்று. விரதமாக ஏற்று விலகுவது மற்றொன்று. பின்னதே நமக்குரியது.

இனி இலட்சுமியிடம் திரும்புவோம். மக்கள் சிந்திய கண்ணீர் மெய்யானது, அதில் ஐயமில்லை. எனினும் யானை கூட்டமாக வாழும் இயல்புடைய உயிர். அது தன் இனத்தாரின்றி நம்மிடையே வாழ்ந்தது. நமக்கெல்லாம் அது துணையாய் நின்றது. பாகனையன்றி அதற்குத் துணை யார்? பேரனுக்கு நான் இறுதியில் கூறிய விடை இதுதான்: "கைம்மாறு செய்யாமல் பெற்ற அன்புக்காக அழுகிறார்கள், கண்ணே. நாம் பின்னர் அழுவதைவிட, அவை உயிரோடு இருக்கும்போதே கைம்மாறு செய்வோம்." மறுநாள் முதல் வாயிற்படியருகே ஒரு மண்சட்டியில் நீர் வைக்கும் பொறுப்பை அவனே ஏற்றுக்கொண்டான்.

பிள்ளைகளுடன் சிந்திக்க

1. நம் இல்லத்திற்கு உதவிய உயிர்கள் யாவை? அவற்றின் முதுமையில் நாம் என் செய்தோம்?
2. ஐந்து அதிசாரங்களுள் நம்மையறியாமல் நாம் செய்வது எது?
3. இவ்வாரம் ஓர் உயிருக்குச் செய்யும் கைம்மாறு ஒன்றைக் கூறுக.

அறம் வளர்க.