எந்த வேலை முதலில்?

பீகாரில் ஒரு கிராமம். அங்கே ஓர் அங்கன்வாடி. அதன் பணியாளரை ஊரார் 'தீதி' என்று அழைப்பார்கள். தீதி என்றால் அக்கா.

அங்கன்வாடித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. இன்று நாடெங்கும் அங்கன்வாடிகள் உள்ளன. அங்கே பணியாளருக்குப் பல வேலைகள். பிள்ளைகளுக்கு உணவு தர வேண்டும். பாட்டுச் சொல்லித் தர வேண்டும். எடை பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். 2021 முதல் செல்பேசியிலும் விவரம் பதிய வேண்டும்.

தீதி விருப்பத்தோடு வேலை செய்தார். பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவார், ஆடுவார்.

ஒரு நாள் மேற்பார்வையாளர், "எடை விவரம் இன்றே வேண்டும்" என்றார். அதே நாளில் வேறோர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. "வாக்காளர் பட்டியல் வேலைக்கு வீடு வீடாகப் போங்கள்" என்றார்கள். இப்படியே பல நாள் நடந்தது.

தீதி பாடுவதை நிறுத்திவிட்டார். "தீதிக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று ஊரார் பேசினார்கள்.

ஒரு நாள் உதவியாளர் பதிவேட்டைப் பார்த்தார்.

"தீதி, இந்தக் குழந்தைக்கு இரண்டு மாதமாக எடை குறைந்திருக்கிறதே! நீங்கள்தானே எழுதினீர்கள்?"

தீதி திடுக்கிட்டார். கை எழுதியது, மனம் கவனிக்கவில்லை.

"எந்த வேலையைச் செய்தாலும், விட்ட வேலைக்குத் திட்டு விழுகிறது. எனக்கு வேலையே வெறுத்துவிட்டது" என்றார்.

அன்றே குழந்தையையும் தாயையும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்.

இது சோம்பல் அல்ல. வேலையில் வரும் நெருக்கடி. என்ன செய்வது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் நெருக்கடி வரும். இருவர் இரு பக்கம் இழுத்தாலும் வரும். அளவுக்கு மீறிய சுமையாலும் வரும். உதய் பாரிக் என்ற இந்திய உளவியல் அறிஞர் இத்தகைய நெருக்கடிகளைப் பத்து வகையாகப் பிரித்தார். நெருக்கடி நீடித்தால் வேலையில் உள்ள ஈடுபாடு குறையும்.

தீதி ஒரு தாளை எடுத்தார். ஒரு வாரம் செய்த வேலைகளை நேரத்தோடு எழுதினார். மாதக் கூட்டத்தில் மேற்பார்வையாளரிடம் கொடுத்தார்.

அவர் படித்தார். "காலையில் பிள்ளைகள் வேலை மட்டும் பாருங்கள். பட்டியல் வேலை பிற்பகலில் இருக்கட்டும். அந்த அலுவலகத்தில் நான் பேசுகிறேன்" என்றார்.

சுமை முழுவதும் குறையவில்லை. ஆனால் எது முதலில் என்பது தெளிவானது. சில நாளில் அங்கன்வாடியில் மீண்டும் பாட்டுக் கேட்டது.

வயலானாலும் ஆலையானாலும் கடையானாலும் இதே கதைதான். வேலை செய்பவர் மனம் சோர்ந்தால், உடனே குறை சொல்லக் கூடாது. காரணத்தைக் கேட்க வேண்டும். வேலை செய்பவரும் மனத்துக்குள் புழுங்கக் கூடாது. எழுதிக் காட்டிப் பேச வேண்டும்.

சிந்தியுங்கள்

1. தீதி ஏன் பாடுவதை நிறுத்தினார்?
2. தாளில் எழுதியது அவருக்கு எப்படி உதவியது?
3. உங்கள் ஒரு நாள் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். எது முதலில் என்று உங்களுக்குச் சொல்பவர் யார்?