ஐரோப்பாவின் அயல்நாட்டுக் கொள்கை வல்லுநர் இருவர்

மருத்துவனாக விரும்புவோன் மருத்துவக் கலாசாலையை நாடுகிறான். வழக்கறிஞனாக விரும்புவோன் சட்டம் பயில்கிறான். நாடுகளின் போருக்கும் சமாதானத்துக்கும் வழிகூறும் வல்லுநனாக விரும்புவோன் எங்குச் செல்வான்? ஐரோப்பாவில் இத்துறையில் மேம்பட்டோர் சிலருடைய வரலாற்றை நோக்கின், இவ்வினாவுக்கு விடை எளிதன்றெனத் தோன்றுகிறது. ஸ்பெயின் தேசத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல்வர் ஸால்வடோர் டி மதரியாகா. 1886-இல் பிறந்த இவர், பாரிஸில் சுரங்கப் பொறியியல் கற்று, தாய்நாடு மீண்டு, இருப்புப்பாதைக் கம்பெனியொன்றிற் பணிபுரிந்தார். உள்ளமோ இலக்கியத்திலேயே இருந்தது. ஆதலின் அவ்வேலையை விடுத்து லண்டன் சென்று எழுத்தாளரானார். 1921-இல் சர்வதேச சங்கத்தில் அலுவலேற்று, மறு ஆண்டே ஆயுதக் குறைப்புப் பகுதியின் தலைவரானார். ஆறாண்டு அப்பணியில் உழன்று அவர் கண்ட உண்மை யாது? ஆயுதம் இருத்தலால் நாடுகள் ஒன்றையொன்று ஐயுறுவதில்லை. ஐயுறுவதாலேயே ஆயுதந் தாங்குகின்றன என்பதே. நோயை விடுத்து அதன் குறியை மட்டும் அகற்ற முயன்றமையால், 1932-இல் ஜினீவாவிற் கூடிய ஆயுதக் குறைப்பு மகாநாடும் பயனின்றி ஒழிந்தது. 1928-இல் அவர் ஆக்ஸ்போர்டில் ஸ்பானிய இலக்கியப் பேராசிரியராய் அமர்ந்தார்; பின்னர் அமெரிக்காவிலும் பிரான்சிலும் தூதுவரானார். 'தமிழ் ஆனர்ஸ் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று என்னை வினவும் உறவினர்க்கு இச்செய்தியைக் கூறுவதுண்டு. அவர்கள் சிரிப்பதே வழக்கம்.

1936-இல் மூண்ட உள்நாட்டுப் போர் அவரை நாடுகடந்து வாழச் செய்தது. 1949-இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஐரோப்பியக் கலாசாலையை நிறுவினோருள் அவரும் ஒருவர். முதலிற் கேட்ட வினாவுக்கு ஒருவாறு விடையாக அமைந்தது அக்கலாசாலை.

மற்றவர் ஹாவியர் ஸோலானா. 1942-இல் மாட்ரிட்டிற் பிறந்தவர். மதரியாகா அவர்க்குப் பாட்டன் முறையினர். ஸோலானா பௌதிக நூல் வல்லவர். அமெரிக்காவின் வர்ஜீனியா சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, மாட்ரிட்டிற் பேராசிரியராயிருந்தார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்காலத்திலேயே, 1964-இல், தடைசெய்யப்பட்ட சோஷலிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தார். ஸ்பெயின் நேட்டோ உடன்படிக்கையிற் சேர்தலாகாது என்று வாதித்தவருள் அவரும் ஒருவர். அவரே 1995-இல் நேட்டோவின் பொதுச் செயலாளரானார்!

1999 மார்ச்சில், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை அனுமதி வழங்காதிருக்கவும், கொஸோவோவின் பொருட்டு யுகோஸ்லாவியாவின்மீது குண்டு வீசும் கட்டளை அவர் வாயிலாகவே பிறந்தது. எழுபத்தெட்டு நாள் நிகழ்ந்த அத்தாக்குதலிற் குற்றமற்ற குடிமக்களும் மாண்டனர். கொஸோவோ அல்பேனியர் துரத்தப்படுவதைக் கண்டு வாளாவிருத்தல் தகுமோ என்பர் ஒரு சாரார்; சட்டத்தை மீறிச் செய்த நன்மை நன்மையாகுமோ என்பர் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றையும் படித்தும் என் மனம் ஒருவழிப்படவில்லை. ஆயினும், பரிசோதனைச்சாலையிற் பிழை நேரின் மீண்டுஞ் செய்யலாம். இங்கே அது இயலாது என்பதை அப்பேராசிரியர் அறியாதிருந்திரார்.

அவ்வாண்டு அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அயல்நாட்டுக் கொள்கை உயர்பிரதிநிதியாகி, 2009 வரை அப்பதவி வகித்தார். அவர் பெயரால் 2003-இல் வெளிவந்த பாதுகாப்புக் கொள்கை ஏடு, உறுப்பு நாடுகளின்மீது பெரும்படையெடுப்பு இனி நேர்தல் அரிது என்று கூறிற்று. உக்ரேன் உறுப்பு நாடன்று. எனினும் 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படை அந்நாடு முழுவதையும் நோக்கிப் பாய்ந்தபோது அக்கணிப்பின் உறுதி குலைந்தது. மறுமாதமே ஒன்றியம் வேறொரு பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.