வேடந்தாங்கல்: ஓர் ஏரியின் நான்கு பருவம்

தொண்டை நாட்டில் ‘தாங்கல்’ என்று முடியும் ஊர்கள் பல உண்டு. மழைநீரைத் தாங்கி நிறுத்தி, வேண்டும்போது வயலுக்கு விடும் சிற்றேரிக்குத் தாங்கல் என்று பெயர். வேடர்களின் தாங்கல் வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வலையும் வில்லும் கொண்டு திரிந்தோரின் பெயரைத் தாங்கிய ஏரியில் இன்று பறவைகள் அச்சமின்றிக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் இவ்வூர் உள்ளது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சென்னையில் வாழும் நம் குடும்பத்தார் திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுச்சாலை வரை வந்து மேற்கே திரும்பலாம். மேல்சித்தாமூர், திண்டிவனம் பக்கத்திலிருந்து புறப்படுவோர்க்கு மதுராந்தகம் வழியே எளிது. பெரும்பாலோர் பொங்கல் விடுமுறையில் ஒருநாள் சென்று, கரைமேல் நடந்து, கோபுரத்தில் ஏறிப் பார்த்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்புகின்றனர். மறுநாள் பிள்ளையை அழைத்து, “என்ன கண்டாய்?” என்று கேட்டால், “நிறையக் கொக்கு” என்கிறது. அது பிள்ளையின் குறையன்று. கதை நூலொன்றின் நடுப்பக்கத்தை மட்டும் திறந்து காட்டிவிட்டுக் கதையைச் சொல் என்று கேட்பது முறையாகுமா?

ஆதலின் நாம் கூறுவது இதுவே: வெவ்வேறு ஊர்களுக்கு நான்கு சுற்றுலாச் செல்வதைக் காட்டிலும், ஓராண்டில் ஒரே ஏரிக்கு நான்கு முறை செல்லுதல் நன்று. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இயற்கைப் பாடம் கற்பிக்கும் முறையாக நமக்குச் சொல்லித் தரப்பட்டது இது. பணியில் இருந்தபோது மாணவியரோடும், ஓய்வு பெற்றபின் பேரப்பிள்ளைகளோடும் செய்து பார்த்ததும் இதுவே. இதற்குச் செலவு அதிகமில்லை. ஓர் ஏட்டுப்புத்தகமும் பென்சிலும் போதும். தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சி.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். இதனினும் பெரிய ஏரிகள் அதே வட்டத்தில் உள்ளன. பறவைகள் இதனை நாடி வருவதற்கு நீரில் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் ஒரு காரணம். ஊரார் மற்றொரு காரணம். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படையினர் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் கூடிச் செங்கல்பட்டுச் சீமையின் ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டனர் என்றும், அவர் 1798 ஆம் ஆண்டளவில் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதித் தந்தார் என்றும் கூறப்படுகிறது. (மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயில் கதையில் வரும் ஆட்சியரும் இவரே.) 1858 இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. சரணாலயம் என்ற பெயரும், 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் பின்னர் வந்தவை. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971 இல் ஏற்பட்ட ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது 2022 இல்தான். ஊரார் காவல் அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் முந்தியது.

அவர்கள் காத்ததற்கு இரக்கம் ஒன்றே காரணம் என்று பிள்ளைகளிடம் மிகைப்படுத்திக் கூற வேண்டா. பல்லாயிரம் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்து மிகுந்த அந்நீர் மதகு வழியே நெல்வயலுக்குப் பாய்கிறது. அந்நீர் பாயும் வயலுக்கு வேறு உரம் குறைவாக இட்டாலே போதும் என்பதை உழவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். தமக்கும் நன்மை, பறவைக்கும் நன்மை என்று கண்டு செய்த காவல் அது. இத்தனை தலைமுறை நிலைத்ததற்கும் அதுவே காரணம் எனலாம்.

முதற்பயணத்திற்கு முன் வீட்டிலேயே திருத்த வேண்டிய தவறான கருத்து ஒன்று உண்டு. ‘சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பறவைகள் இங்கு முட்டையிட வருகின்றன’ என்று பலரும், சில வேளை ஆசிரியர்களுமே, கூறக் கேட்கிறோம். இங்குக் கூடு கட்டுவன நம் நாட்டுப் பறவைகளே. நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு ஆகிய இவையெல்லாம் மழையையும் நீரையும் தேடி இந்நாட்டிற்குள்ளேயே இடம் பெயர்வன. வடக்கே பனி சூழும்போது மலைத்தொடர்களைக் கடந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவை விருந்தினர் மட்டுமே. குளிர்காலம் கழித்துத் தம் நாடு திரும்பி, அங்கே கோடையில்தான் முட்டையிடும். கூடு உள்ள பறவை நம்முடையது, கூடு இல்லாத வாத்து விருந்தினர் என்று சொல்லிவிட்டால் சிறு பிள்ளையும் பெரும்பாலும் பிரித்தறிந்துகொள்ளும்.

முதற்பயணம் ஐப்பசி இறுதியில் அல்லது கார்த்திகையில் அமையட்டும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரியில் நீர் ஏறும் காலம். பறவைகள் அப்போது குறைவே. வந்தோர் சிலர், “ஒன்றுமில்லையே” என்று திரும்புவதும் உண்டு. ஆனால் தொடக்கத்தைக் காணும் வாய்ப்பு இப்போதுதான். கரையிலிருந்து நன்கு தெரியும் ஒரு மரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அம்மரத்தின் அடியில் நீர் எவ்வளவு நிற்கிறது, கிளைகளில் எத்தனை பறவை என்று ஏட்டில் வரைந்து தேதியிட வேண்டும். அடுத்த மூன்று பயணத்திலும் அதே மரத்தையே வரைய வேண்டும். சுள்ளியை அலகில் ஏந்தி வரும் நீர்க்காகத்தையும், அண்டை வீட்டுக் கூட்டிலிருந்து குச்சியைத் திருடும் பறவையையும் காணலாம். பிள்ளைகளுக்கு இத்திருட்டைப் போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை.

இரண்டாம் பயணம் தையில். விடியற்காலையில் அல்லது மாலை நான்கு மணிக்குமேல் செல்க. நண்பகலில் பெரும்பாலான பறவை உறங்கும், பிள்ளையும் சலிக்கும். இப்போது ஒரே மரத்தில் மாடிவீடுகள்போல் கூடுகள் அடுக்கி நிற்கும். எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டா. இரண்டு பறவைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் பார்க்கச் செய்தால் போதும்.

நாம் முதலில் காட்டுவது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சின் அலகில் அவ்விடைவெளி இராது. வளர வளரத் தோன்றுவது அது. தாயையும் குஞ்சையும் அருகருகே ஒப்பிட்டுப் பிள்ளையே இதைக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அது நத்தை ஓட்டை நொறுக்குகிறது என்று முன்பு எண்ணினர். கீழலகின் நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தித் தசையை அறுத்து வெளியே எடுக்கிறது என்பது பின்னர்த் தெளிந்தது. அடுத்தது பாம்புத்தாரா. உடல் நீருள் அமிழ, கழுத்து மட்டும் பாம்புபோல் மேலே தெரிய நீந்தும். அதன் இறகு நீரில் நனைவது; ஆதலால் கரையேறியதும் சிறகை விரித்துக் காய வைக்கிறது.

இவ்விடத்தில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நம்முடன் வந்த எட்டு வயதுச் சிறுமி நாரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “நத்தையும் உயிர்தானே பாட்டி? நாரை செய்வது பாவமில்லையா?” என்று கேட்டாள். உடன் இருந்த அவள் தாயார், “அது பறவை கண்ணு, அதற்கு என்ன தெரியும்?” என்றார். அவ்விடை நமக்கு நிறைவு தரவில்லை. நத்தை ஈரறிவு உயிர், நாரை ஐயறிவு உயிர் என்று பாடசாலையில் படித்த குழந்தை அவள். மனமுள்ள ஐயறிவு விலங்கு நோன்பு ஏற்றதையும் நம் மரபு சொல்கிறது. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்து, முனிவர் உபதேசத்தால் கொலை நீத்த கதையை அவள் அறிவாள். எனவே பறவைக்கு ஒன்றும் தெரியாது என்று தள்ளுவது சரியன்று. நாம் அவளிடம் கூறியது: “நாரையின் அலகு நத்தைக்கென்றே அமைந்திருக்கிறது. வேறு உணவைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதற்கு மிகக் குறைவு. உனக்கு அவ்வாய்ப்பு உண்டு. அதனால் நோன்பு உனக்குச் சொல்லப்பட்டது. நாரையை நாம் திட்டவும் வேண்டா, நத்தையைக் காப்பதாக எண்ணி நாரையை விரட்டவும் வேண்டா.” அவள் முழுதும் ஒப்பவில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டே நாரையை வரைந்தாள். ஒப்பாதிருந்ததில் நமக்கு வருத்தமில்லை. கேள்வியை வீட்டிற்கு எடுத்துச் செல்லும் குழந்தை நல்ல மாணவி.

மூன்றாம் பயணம் பங்குனியில். வெயில் ஏறிவிடும், குடையும் நீரும் மறவற்க. இப்போது குஞ்சுகள் ஏறக்குறையத் தாயளவு வளர்ந்திருக்கும். கூழைக்கடாக் குஞ்சு தாயின் பைக்குள் தலை முழுதும் நுழைத்து மீன் உண்பதைக் கண்டு பெரியவர்களே வியந்து நிற்பர். மஞ்சள் மூக்கு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டிச் சிறகை விரித்து, குஞ்சுக்கு நிழல் செய்து நிற்கும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சும் உண்டு. பிள்ளை அழும், எடுக்க ஓடும். கரையை விட்டு இறங்காமல், காவலரிடம் தெரிவிப்பதே நாம் செய்யத்தக்கது. ஒரு குஞ்சை எடுக்க ஒருவர் நீரில் இறங்கினால், நூறு தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும். அந்நேரத்தில் காகத்துக்கு முட்டைகள் எளிதில் கிட்டும்.

இங்கு ஒரு கணக்குப் பாடமும் கற்பிக்கலாம். நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் அல்லது அதற்கு அதிகம். மார்கழியில் முட்டையிட்ட பறவைக்குப் பங்குனி வரை மரத்தடியில் நீர் நிற்க வேண்டும். நீர் வற்றினால் மரத்தடிக்கு நாயும் பூனையும் மனிதரும் வந்துவிடுவர், இரையும் அருகிப்போகும். 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் பெரிதும் பொய்த்தது. அத்தகைய ஆண்டுகளில் பறவை வரத்துக் குறைவதும், வந்தவை முன்னரே கலைவதும் இயல்பு. அக்காலத்தில் சென்று ஏமாந்த பெற்றோர், பறவை வராமைக்குக் காரணம் கேட்கும் பிள்ளைக்கு ஏரியின் வரத்துக் கால்வாய்களைக் காட்டலாம்.

நான்காம் பயணத்திற்குத்தான் எவரும் இசைவதில்லை. ஆனி மாதத்தில் ஏரி வறண்டு, தரை வெடித்துக் கிடக்கும். மரங்களில் எச்சத்தின் வெண்மை படிந்திருக்கும். கிளைகளில் சிதைந்த கூடுகள் தொங்கும். “இதைப் பார்க்கவா வந்தோம்?” என்று வீட்டுப் பெரியவர் கேட்பார். நம் மாணவியர் மிகுதியாகக் குறிப்பெழுதியது இப்பயணத்தில்தான். தை மாதத்தில் நீருக்கு மேல் நின்ற தம் மரத்தின் அடிப்பகுதியை அவர்கள் முதன்முறை கண்டனர். நீர் நின்ற அளவு பட்டையில் கோடாய்த் தெரிந்தது. மதகருகே வயலில் நின்ற முதியவரிடம் எச்சநீரைப் பற்றிக் கேட்டபோது, ஆசிரியை ஓர் ஆண்டு சொன்னதைக் காட்டிலும் அதிகம் அவர் அரை மணியில் சொன்னார்.

வறண்ட ஏரியின் கரையில் நின்றால் மற்றொன்றும் விளங்கும். பறவைகள் இங்கு உறங்குகின்றன, முட்டையிடுகின்றன. ஆனால் 74 ஏக்கரில் அத்தனை வாய்க்கும் இரை கிடையாது. சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் குளங்களுக்கும் வயல்களுக்கும் சென்று மீனும் நத்தையும் தவளையும் கொண்டு வருகின்றன. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தொலைவு வரை சரணாலய எல்லை 1998 இல் வகுக்கப்பட்டதன் பொருள் இதுவே. 2020 இல் அவ்வெல்லையைக் குறைக்கும் முன்மொழிவு வந்தபோது எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான். மரத்தை மட்டும் வேலியிட்டுக் காத்து, சுற்றிலும் உள்ள நீர்நிலைகளைத் தூர்த்துவிட்டால், படுக்கையறையை விட்டுவிட்டுச் சமையலறையை இடித்த கதையாகும்.

சில நடைமுறைக் குறிப்புகள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் தவிர்த்து மங்கிய நிற உடை அணிவிக்கவும். உரத்துப் பேசுதலும், பறவையை எழுப்பிப் படம் எடுக்கக் கைதட்டுதலும் கூடா. இதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே சொல்ல வேண்டியுள்ளது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மகாவீரர் நிர்வாண நாளாகத் தீபாவளியைக் கொண்டாடும் நம் இல்லங்களில் இச்செய்தியைப் பிள்ளைகளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டலாம். உணவு பொழுது சாய்வதற்குள் முடியவேண்டிய குடும்பத்தார் மாலைப் பயணத்தின்போது கட்டுச்சோற்றை நான்கு மணிக்கே உண்டுவிட்டுக் கரையேறுதல் வசதி. உண்ட மிச்சத்தைப் பறவைக்கென்று வீசுதல் வேண்டா.

நேரமிருப்பின் தையில் செல்லும் நாளிலேயே, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலிக்கும் சென்று வருக. அங்கு மரக்கூட்டம் குறைவு. விரிந்த நீர்ப்பரப்பில் வாத்து இனங்களே மிகுதி. வேடந்தாங்கலில் நம் நாட்டுப் பறவைகளைக் கண்ட கண்ணுக்கு, விருந்தினரை இங்கு நன்கு காணலாம். நெற்றியில் வெண்பட்டை உடைய நாமக்கோழியை வாத்தென்று பிள்ளை சொன்னால் உடனே மறுக்காமல், அது கரையேறும் வரை காத்திருந்து காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.