மணலுக்குள் மோதிரம்

கேள்வி: கனடாவில் கடற்கரை மணலில் மெட்டல் டிடெக்டரால் தொலைந்த நகை தேடுவது என் பொழுதுபோக்கு. மன்னாருக்கு வரும்போது கருவியைக் கொண்டு வரலாமா?
– ஒரு வாசகர், டொரொன்டோ

பதில்: வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மன்னார்ச் சனம் அந்தக் கருவியைப் பார்த்துப் பழகியது கண்ணிவெடி அகற்றியவர்களின் கையில். 2018 இல் மன்னார் நகரில், சதொச விற்பனை நிலைய வளவில் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்திலிருந்து 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. இந்த மண்ணைத் தோண்டுவது எங்களுக்கு விளையாட்டல்ல.

சட்டமும் இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருள் தேடி அகழ, அது சொந்தக் காணியானாலும், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மன்னார்த் தீவுக்கு எதிரே பழைய துறைமுகமான மாந்தை இருக்கிறது. அங்கே கருவியோடு நின்றால் புதையல் தோண்ட வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். ஸ்கானருடன் பிடிபட்டவர்களின் செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

மணலும் இலகுவானதல்ல. ஈரமான உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரணக் கருவி வீணாகக் கத்தும். மன்னார்த் தீவு மணலில் இரும்புள்ள கனிமமான இல்மனைட்டும் கலந்திருக்கிறது; அதுவும் கருவியைக் குழப்பும். துடிப்பு முறைக் (pulse induction) கருவி இவற்றை ஓரளவு சமாளிக்கும். மோதிரம் முழு வளையம் என்பதால் நன்றாக ஒலிக்கும்; மெல்லிய சங்கிலி பல சின்னக் கண்ணிகள், ஆகவே எளிதில் அகப்படாது.

உறவினர் யாராவது தாலிக்கொடியைத் தவறவிட்டால், உடனே அந்த இடத்தில் தடி நட்டு, ஆட்கள் மிதிக்காமல் பார்த்து, மேல்மணலை அரிதட்டில் அரியுங்கள்.