உழைப்பும் உள்ளமும்

மனிதன் எதற்காக உழைக்கிறான்? "வயிற்றுக்காக" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதுவே முழு உண்மையாயின், கூலி உயர்ந்த இடத்திலெல்லாம் வேலையும் சிறந்திருக்க வேண்டும். ஒரே கூலி பெறும் இருவர் ஒரே அளவு வேலை செய்ய வேண்டும். நடைமுறையில் அவ்வாறு காண்கிறோமா? இல்லை. உழைப்புக்கும் உள்ளத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை படிக்குமாறு எங்கள் பொருளியல் பேராசிரியர் என்னைப் பணித்தார். அதற்காக நூல்களில் படித்தவற்றையும், என் வீட்டில் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கரும்பலகையும் கணக்கும்

என் தந்தை ஒரு நூற்பாலைத் தொழிலாளி. ரிங் பிரேம் பார்ப்பவர். ஓடுகின்ற பிரேமில் எங்கே இழை அறுகிறதோ அங்கே விரைந்து சென்று அதை எடுத்து ஒட்டுவது அவர் வேலை. அடுத்த பிரேம்களைப் பார்த்தவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். அவர் பக்கத்தில் இழைகள் அதிகமாக அறுந்தால் அப்பா போய் எடுத்துக் கொடுப்பார். அப்பா தண்ணீர் குடிக்கப் போனால் மாமா பார்த்துக்கொள்வார். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. இதற்கு எந்த விதியும் இல்லை, எவரும் கட்டளையிட்டதுமில்லை.

பிறகு ஆலையில் தனித்தனி ஊக்கத்தொகை முறை வந்தது. யார் பிரேமில் எவ்வளவு நூல் என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் கணக்கெடுத்து, வாயிலருகே ஒரு கரும்பலகையில் எழுதினார்கள். அளவு குறைந்தவர் பெயர் சிவப்பில் இருக்கும். முதல் இரண்டு மாதம் உற்பத்தி உயர்ந்ததாம். ஆனால் அடுத்தவர் பிரேமில் கை வைப்பது நின்றது. அதற்குப் பின் ஓர் இரவு ஷிப்டில் மாமா மயங்கி விழுந்தார். சிறிது நேரம் வரை எவரும் கவனிக்கவில்லை. நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்தில்லை.

அப்பா அதை இன்றும் மறக்கவில்லை. "அவரு பிரேம்ல இழை அறுந்து கிடந்தது எனக்குத் தெரிஞ்சுது கண்ணு. முந்தியா இருந்தா ஓடிப் போயிருப்பேன். அன்னிக்கு என் கணக்கைத்தான் பார்த்தேன்" என்றார். இவ்வளவுக்கும் அந்த மாதம் அப்பாவின் பெயர் சிவப்பில் இல்லை. கணக்குப்படி அவர் நல்ல தொழிலாளி. ஆயினும் அவர் மனம் அவரை நல்ல தொழிலாளி என்று ஒப்பவில்லை. இந்த முரண்பாட்டை விளக்கும் விடையைத்தான் நான் நூல்களில் தேடினேன்.

அறிஞர் கண்டவை

தொழிற்சாலை வேலையை அறிவியல் முறையில் ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர். 1911-இல் வெளிவந்த தம் நூலில், நாளொன்றுக்கு 12½ டன் இரும்புப் பாளம் சுமந்த ஒரு தொழிலாளியை 47½ டன் சுமக்கச் செய்ததாக அவர் எழுதுகிறார். அவனுடைய கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலியோ இருமடங்குகூட இல்லை! வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை வைத்து, அளவுக்கேற்பக் கூலி கொடுத்தால் போதும் என்பதே அவர் கொள்கையின் சாரம். எங்கள் ஊர்க் கரும்பலகையும் அதன் வழிவந்ததே எனலாம்.

அடுத்து, சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். தொலைபேசிக் கருவிகளின் உறுப்புகளைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். சலுகைகளை நீக்கிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தபோதும் உற்பத்தி பழைய அளவுக்கு இறங்கவில்லை. தங்களைப் பொருட்படுத்திக் கேட்கிறார்கள் என்ற உணர்வும், தங்களுக்குள் வளர்ந்த நட்புமே இதற்குக் காரணம் என்று எல்டன் மேயோ முதலியோர் கருதினர். பின்னர் வந்த ஆய்வாளர்கள் இதனை அப்படியே ஏற்கவில்லை. ஐவரைக் கொண்டு பொதுவிதி காண்பது முறையன்று என்றும், அவ்வறையில் கூலி முறையும் மாற்றப்பட்டது என்றும், இடையில் இருவர் மாற்றப்பட்டனர் என்றும் எடுத்துக்காட்டினர்.

அதே தொழிற்சாலையில் 1931-32-இல் கம்பி பிணைக்கும் 14 ஆண்களைக் கவனித்தபோது நேர்மாறான காட்சி தென்பட்டது. அதிகம் செய்தால் அதிகக் கூலி என்றிருந்தும், அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதற்குமேல் செய்தவரைக் கேலி செய்தனர். உற்பத்தி உயர்ந்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், ஆட்களை நீக்கிவிடுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பர். ஆக, நட்பு மட்டும் இருந்தால் வேலை உயர்ந்துவிடும் என்பதும் இல்லை. நிர்வாகத்தின்மீது நம்பிக்கையும் வேண்டும்.

அகமதாபாத் காட்டிய வழி

இவ்வாய்வுகளுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது நம் நாட்டிலேயே நடந்த ஒன்று. அகமதாபாத் நகரம் தொழிலாளர் வரலாற்றில் முன்னரே இடம்பெற்றது. 1918-இல் ஆலைத் தொழிலாளர் 35 விழுக்காடு கூலி உயர்வு கேட்டுப் போராடியபோது காந்தியடிகள் அவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார். ஆலை முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாயும், தொழிலாளர் பக்கம் அவருடைய தமக்கை அனசூயா பென்னும் நின்றனர். அந்த அம்பாலாலின் மகன் கவுதம் சாராபாயின் பொறுப்பிலிருந்த காலிகோ ஆலையில்தான் 1953-இல் இந்தப் புதிய சோதனை நிகழ்ந்தது. நடத்தியவர் இலண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ்.

1952-இல் அங்கே தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. 224 தறிகளை 29 பேர் கவனித்தனர்; அவர்களிடையே 12 வகை வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. நெசவாளி ஒருவர், பாபின் நிரப்புபவர் ஒருவர், அறுந்த பாவைச் சீர்செய்பவர் ஒருவர், எண்ணெய் விடுபவர் ஒருவர் என்று ஆளுக்கொரு வேலை. ஆளுக்கொரு தறி எண்ணிக்கை. எல்லாம் நன்றாக அளந்து வகுக்கப்பட்டவைதாம். ஆயினும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. துணியில் சேதமும் மிகுந்தது. ரைஸ் கண்ட காரணம் எளியது. 29 பேரும் ஒரே துணியை நெய்தாலும், "இந்தத் தறிகள் எங்களுடையவை" என்று சேர்ந்து சொல்லக்கூடிய ஒரு குழுவேனும் அங்கே இல்லை.

ஆகவே, குறிப்பிட்ட தறிகளின் முழுப் பொறுப்பையும் சுமார் ஏழு பேர் கொண்ட சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற கருத்தை மேற்பார்வையாளரிடமும் தொழிலாளரிடமும் சொன்னார்கள். தொழிலாளர் அக்கருத்தைத் தமதாக்கிக்கொண்டு, யார் யாருடன் சேர்வது என்று தாமே பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்க நாட்களில் உற்பத்தி உயர்ந்தபோதிலும் சேதமும் கூடியது. அவசரப்பட்டுக் கைவிடாமல் குறைகளைச் சீர்செய்தபின், உற்பத்தி உயர்ந்த நிலையிலேயே நிற்க, சேதம் முன்னிருந்ததைவிடக் குறைந்தது. 1951-இல் இங்கிலாந்துச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான பாம்ஃபோர்த்தும் எழுதிய ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சிறு குழுவாக முழு வேலையையும் செய்தவர்களை, எந்திரம் வந்தபின் தனித்தனி வேலைக்காரராகவும் தனித்தனி ஷிப்டுகளாகவும் பிரித்ததனால் பகையும் மனச்சோர்வும் வளர்ந்ததை அவர்கள் விளக்கினர்.

அகமதாபாத்தில் பிறகு என்ன ஆயிற்று என்று 1970-இல் எரிக் மில்லர் திரும்பச் சென்று பார்த்தார். சாதாரணத் தறிகள் இருந்த ஒரு கூடத்தில் குழு முறை ஏறத்தாழ மாறாமல் நிலைத்திருந்தது. தானியங்கித் தறிக் கூடத்திலோ அது பெரிதும் சிதைந்து பழைய முறையே தலைதூக்கியிருந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஒருமுறை அமைத்துவிட்டால் தானே ஓடும் எந்திரமன்று மனித உறவு; அதனையும் நாள்தோறும் பேணவேண்டும் என்பதே நான் இதிலிருந்து கற்ற பாடம்.

அப்பா கேட்ட கேள்விகள்

இதனையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வியப்படையவில்லை. "நாங்களும் அப்படித்தானே இருந்தோம்" என்றார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். "அவங்களைக் கேட்டுச் செஞ்சாங்களா?" என்பது முதலாவது. கேட்டார்கள் என்றேன். "அதிகமா நெஞ்சதுக்குக் காசு யாருக்குப் போச்சு?" என்பது இரண்டாவது. உற்பத்தி கூடக் கூடத் தொழிலாளர் வருவாயும் கூடுமாறு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது என்றேன். "ரெண்டும் இருந்தாச் சரி" என்று எழுந்து போனார்.

நான் படித்த நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டே கேள்விகளில் அடக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. நியாயமான கூலி இன்றி "ஊக்கம்" பற்றிப் பேசுவது பசித்தவனுக்கு உபதேசம் செய்வதாகும். ஆனால் கூலியை மட்டும் கொண்டு ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்தால், கரும்பலகையில் எண் உயரலாம். மயங்கி விழுபவனைத் தாங்கக் கை இராது. அத்தகைய உயர்வை முன்னேற்றம் என்று நான் ஒப்பமாட்டேன்.

முடிவுரை

தகுதி அறிந்து ஒருவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். தெளிந்து ஒப்படைத்தபின் அதை அவர் பொறுப்பில் விடவேண்டும் என்பது அவர் கருத்து. மேனாட்டார் சுரங்கத்திலும் ஆலையிலும் ஆராய்ந்து கண்டதும் அதற்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

மாணவ நண்பர்களே! நாளை நம்மில் சிலர் அலுவலராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் ஆலையில் மேற்பார்வையாளராகவும் அமரலாம். அப்போது நம் மேசைக்கும் கணக்குகள் வரும். கணக்கைப் பார்ப்போம், அது தேவையே. ஆனால் அடுத்தவர் பிரேமில் அறுந்த இழையை எடுத்து ஒட்டியவரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம். மாமா உடல் தேறி மீண்டும் வேலைக்குச் செல்கிறார். கரும்பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அவருடைய பிரேமில் இழை அறுந்தால் இப்போது அப்பா போய் எடுக்கிறார். சென்ற மாதம் அப்பாவின் பெயர் சிவப்பில் எழுதப்பட்டிருந்தது. அதை அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.