ஆவாரஞ்செடி அறைக்குள் வளருமா?

ஒன்றரை வருஷத்துக்கு முன் நான் ஒரு தப்பு செய்தேன். அதில் படித்த பாடத்தைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

எங்க அப்பத்தா தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் ஒரே கேள்வி: "ஏத்தா, கண்மாய்க் கரையில ஆவாரம்பூ பூத்துருச்சா?" பறித்து வந்து கொடுத்தால் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். சரி, செடியையே அப்பத்தா ரூமுக்குள் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். "ஆவாரஞ்செடிய எவளாவது தொட்டியில வைப்பாளா?" என்று அத்தை சிரித்தார்கள்.

ஆவாரையைப் பற்றிக் கொஞ்சம்

இதன் அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய பெயர் காசியா ஆரிகுலேட்டா. நம்ம செம்மண் பொட்டலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிற புதர். பட்டையில் டானின் நிறைய இருப்பதால் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். தெலங்கானாவின் மாநில மலர் இதுதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் 'ஆவிரை' என்று இதுவும் வருகிறது. கபிலரின் நண்பர் பாரி ஆண்ட பரம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நான் செய்தது

மே மாத விடுமுறையில் கண்மாய்க் கரையில் காய்ந்த நெற்று பறித்தேன். விதைத்தோல் கெட்டியாக இருக்கும், சும்மா போட்டால் லேசில் முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை விட்டு இறக்கி, அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் உப்பியிருந்த விதைகளை மட்டும் எடுத்து ஊன்றினேன். இரண்டு விதை தொட்டியில். மிஞ்சிய ஒன்றைக் கொல்லையில் கிடந்த ஓட்டை பெயிண்ட் டப்பாவில் போட்டேன். பத்து நாளில் எல்லாம் முளைத்தன.

தொட்டியில் நல்லதாக ஒரு கன்றை விட்டு, அப்பத்தா ரூமின் தெற்கு ஜன்னல் ஓரம் வைத்தேன். தெற்கு ஜன்னல்தான் சிறந்தது என்று ஒரு தோட்டப் புத்தகத்தில் படித்திருந்தேன். தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். டப்பாவை மறந்தே போனேன்.

கன்று மளமளவென்று உயர்ந்தது. அப்பத்தாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் பெருமை. நாற்பதாம் நாள்தான் தற்செயலாகக் கொல்லை டப்பாவைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து இரண்டையும் அளந்தேன்.

ரூம் செடி: உயரம் 34 செ.மீ. இலைக்கு இலை இடைவெளி 5 செ.மீ. தண்டு ஈர்க்குச்சி மாதிரி, ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றது. இலை வெளிர் பச்சை.

டப்பா செடி: உயரம் 15 செ.மீ. இடைவெளி ஒன்றரை செ.மீ. தண்டு பென்சில் கனம். இலை கரும்பச்சை.

உயரமானதுதான் நோஞ்சான். அடுத்த வாரம் ரூம் செடியில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கணுவில் வெள்ளையாக மாவுப்பூச்சி. மண்ணை முகர்ந்தால் அழுகல் வாடை. அப்பத்தா பார்த்துவிட்டு, "இதுவும் என்னை மாதிரியே ரூமுக்குள்ள கெடந்து நொந்து போச்சு" என்றார்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காரணம் என்ன?

அறிவியல் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் போனில் வெளிச்சம் அளக்கும் செயலி இருந்தது. அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும் என்றார்கள். மத்தியானம் அளந்த கணக்கு இது:

வெட்டவெளி வெயில்: ஏறத்தாழ 90,000 லக்ஸ்
ஜன்னலை ஒட்டி உள்ளே: 1,500 லக்ஸ்
கட்டில் பக்கம்: 120 லக்ஸ்

நம்ப முடிகிறதா? ஜன்னல் ஓரத்திலேயே வெளியில் இருப்பதில் அறுபதில் ஒரு பங்குதான்! நமக்கு அது தெரிவதில்லை. இருட்டான இடத்துக்குப் போனால் நம் கண்மணி விரிந்து, கண் தன்னைச் சரி செய்துகொள்கிறது. செடிக்கு அந்த வசதி கிடையாது. ஒளிதான் அதற்குச் சோறு. நம் கண்ணுக்கு வெளிச்சமான அறை, ஆவாரைக்குப் பட்டினி அறை.

ஒளிச்சேர்க்கையில் செடி உணவு செய்கிறது, சுவாசத்தில் செலவழிக்கிறது. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவுக்கு ஒளி ஈடுசெய் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் செடி சேமிப்பைக் கரைத்துத் தின்னும். காட்டில் பெரிய மரத்தடியில் பிறந்த செடிகளுக்கு இந்தப் புள்ளி தாழ்வு, அதனால்தான் மணி பிளான்ட் வீட்டுக்குள் தாங்குகிறது. வெட்டவெளியில் பிறந்த ஆவாரைக்கு அது உயர்வு.

ஒளி குறைந்தால் செடி, 'மேலே போனால் வெயில் கிடைக்கும்' என்பதுபோல் தண்டை நீட்டும். ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கம் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கச் செல்கள் நீண்டு, தண்டு ஒளி பக்கம் வளையும். ஆக, நான் பெருமைப்பட்ட உயரம் வளர்ச்சி இல்லை, தவிப்பு.

தண்ணீர் விஷயத்திலும் தப்பு செய்தேன். ஒளி குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். ஈரம் தங்கிக் காற்று போகாமல் வேர் அழுகும்.

தெற்கு ஜன்னல் ரகசியம்

இதுதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். அந்தப் புத்தகம் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். பொன்னமராவதி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே! ஜூன், ஜூலையில் நம்ம தெற்கு ஜன்னலில் நேர் வெயில் எட்டிப் பார்க்காது. மார்கழி, தையில்தான் நன்றாக விழும். நம்புவதற்குச் சிரமமாக இருந்தால் ஜூன் மாதம் மத்தியானம் மைதானத்தில் ஒரு குச்சி நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே விழும்.

பிறகு என்ன ஆச்சு?

அவசரத்தில் தொட்டியைத் தூக்கி நேரே வெயிலில் வைத்தேன். அதுவும் தப்பு! நிழலில் வளர்ந்த மெல்லிய இலைகள் இரண்டே நாளில் வெந்து வெளுத்துவிட்டன. அப்புறம் டீச்சர் சொன்னபடி தண்டைப் பாதியாக வெட்டி, திண்ணை ஓரம் வைத்து, காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று இரண்டு வாரத்தில் பழக்கினேன். புதுத் துளிர் வந்தது, கரும்பச்சையாக!

செடி வாசலுக்குப் போய்விட்டது, அப்பத்தா ரூமிலேயே இருந்தார்கள். அப்போதுதான் அப்பா சொன்னார்: "செடிய உள்ள கொண்டாரதுக்குப் பதிலா ஆத்தாவ வெளிய கொண்டு போவோம்." டாக்டரும் நடக்கப் பழக்கச் சொல்லியிருந்தார். முதலில் நாற்காலியோடு தூக்கித் திண்ணையில் உட்கார வைத்தோம். பிறகு வாக்கர் பிடித்து அவர்களே வந்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று! இந்த ஆவணியில் முதல் கொத்து பூத்தது. ஏழு பூ. அப்பத்தா எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு.

வளர்க்க விரும்புவோருக்கு

1. ஆவாரைக்கு ஆணிவேர். தொட்டி ஓரடி ஆழமாவது வேண்டும், அடியில் ஓட்டை கட்டாயம். விதையை நேரே அதிலேயே ஊன்றவும், பிடுங்கி நடாதீர்கள்.
2. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு.
3. விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.
4. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மொட்டை மாடி, வாசல், வானம் தெரிகிற முற்றம் நல்லது. அறைக்குள் வேண்டாம்.
5. ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும்.

உங்களுக்குத் தெரியுமா?

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்னத் துளைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைத்தால்தான் கொட்டும். ஆகவே அறைக்குள் எப்படியோ பூத்தாலும், வண்டு வராமல் காய் பிடிப்பது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை: ஆவாரம்பூ டீ குடிக்கிறோம் என்று சுகர் மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. எங்க அப்பத்தாவுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

முடிவுரை

ஒரு செடியை வீட்டுக்குக் கொண்டுவரும் முன், அது பிறந்த இடத்தில் ஒரு மத்தியானம் போய் நின்று பாருங்கள். நமக்கு எவ்வளவு சுடுகிறதோ, அவ்வளவு அதற்கு வேண்டும். எங்கள் செடியில் இப்போது காய் பிடித்திருக்கிறது. நெற்று காய்ந்ததும் விதை வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம், ஆளுக்கு ஐந்து தருவேன். கொல்லை டப்பாச் செடி என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? நம்ம பள்ளி கேட் பக்கம் நட்டிருப்பது அதுதான். யாரும் கிளையை ஒடிக்காதீர்கள்!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி