விரலைப் பாருங்கள்

தொடக்கப்பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர், சார் எல்லோருக்கும். தம்மம்பட்டிப் பக்கம் சாக்பீஸ் பிடித்து ஓய்ந்த கை எழுதுகிறது. போன் எனக்குக் கடைசிச் சில வருடத்தில்தான் பழகியது. அதனால் செய்த தப்பெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

1. முதல் நாள் ராத்திரியே வீட்டில் வைத்து வாசிப்புச் செயலியின் கதைகளைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலையடிவாரத்துப் பள்ளிகளில் டவர் வரும், போகும். சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை முப்பது பிள்ளைகள் வேடிக்கை பார்த்தால் அன்றைக்கு வகுப்பு போச்சு.

2. கையில் கொடுக்கும் முன் ஏரோபிளேன் மோடு. ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் என் போனிலிருந்து மேலதிகாரிக்கு மூன்று குரங்கு பொம்மை அனுப்பிவிட்டான். விளக்கம் சொன்னது நான்.

3. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை ரீட் அலாங் செயலியில் மாநிலம் முழுக்க வாசிப்பு மாரத்தான் நடந்தது. திருச்சி மாவட்டம் லால்குடி ஒன்றியம் முதலிடம் பிடித்தது. பிள்ளை சத்தமாக வாசிக்கும், செயலி கேட்கும், சரியாக இருந்தால் நட்சத்திரம் தரும். திணறும் சொல்லைத் தொட்டால் அதுவே சொல்லிக்கொடுக்கும். நாற்பது தடவை கேட்டாலும் அலுக்காத காது; அந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர்கள் எங்கள் பேச்செல்லாம் எத்தனை சொல், எத்தனை நட்சத்திரம் என்பதிலேயே இருந்தது. ஒரு நாள் ஒரு சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லையும் முதலில் தொடுகிறாள், போன் சொல்கிறது, கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்கிறாள். நட்சத்திரம் கொட்டுகிறது. கரும்பலகையில் 'ப' எது என்றேன். முழித்தாள். அந்த விரல் சொன்னதை எந்த மதிப்பெண்ணும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

4. போன் 'தப்பு' என்றாலும் அப்படியே நம்ப வேண்டாம். எங்கள் ஊர் மரச்சிற்பப் பட்டறைத் தெருவில் உளிச்சத்தம் ஓயாது. பக்கத்து பெஞ்சுக் கூச்சல் வேறு. போனுக்குக் காது குழம்பிவிடும். நிஜமாகவே வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிற பிள்ளைக்கு நாக்கு எங்கே மடிகிறது என்று உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள். போனுக்கு நாக்கு இல்லை.

5. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம் அல்லவா? அரும்புக்கு மணலும் புளியங்கொட்டையும் போதும். மற்றவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு போன், பத்து நிமிடம். மூன்று பேர் சேர்ந்தால் ஒருவன் ஜன்னலுக்குப் போய்விடுவான்.

6. வீட்டுப்பாடத்தைப் போனில் கொடுக்காதீர்கள். பல வீட்டில் ஒரே போன். அது அப்பாவோடு பட்டறைக்கோ காட்டுக்கோ போய், ராத்திரி சார்ஜ் இல்லாமல் திரும்பும். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு கட்டத்தையும் வகுப்பிலேயே நீங்கள் ஸ்கேன் செய்து காட்டிவிடுங்கள்.

7. போனை வாங்கி வைத்த பிறகு, வாசித்த கதையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பையன் குதிரைக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டான். ஏன்டா கண்ணு, குதிரை ஓடுச்சா இல்லையா என்றேன். "அதுக்கு இன்னும் பின்னங்கால் செதுக்கல சார். அப்பா நாளைக்குத்தான் கை வைப்பாரு."